தரையைப் பார்க்கும் நாய்

மார்ச் 4, புதன்

நாய் என்ன செய்கிறது என்று தினமும் எழுதி வைக்கும்படி மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருக்கிறார். எப்போது ஆரம்பிக்கிறது, அதற்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது, எப்படி நின்றது, இவ்வளவும் எழுத வேண்டுமாம். மருமகள் தாரணி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள், இருட்டித்தான் வருவாள். அதனால் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் ஆறாவது வரை படித்தவள். பேனாவைப் பிடித்தால் விரல் பிடித்துக்கொள்கிறது.

இன்று காலையில் சும்மா படுத்திருந்தது. பால்சோறு தின்றது. சாயங்காலம் வாசல் வழியாக வெயில் உள்ளே வந்ததும் ஆரம்பித்தது. தரையையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு பாய்ந்தது. முன்னங்காலால் சிமெண்டைப் பறண்டியது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், காதில் விழவில்லை. பொழுது விழுந்ததும் நின்றது.

அதற்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்றால், என் மகன் செத்துப்போனான். தை மாதம். இதையும் எழுதியாகிவிட்டது.

மார்ச் 5, வியாழன்

நேற்று எழுதியதைத் தாரணி படித்துப் பார்த்தாள். "நாய் செய்யறதை மட்டும் எழுதினாப் போதுமுங்கத்தை" என்றாள்.

இனி இந்த நோட்டை அவள் கையில் கொடுப்பதாக இல்லை. டாக்டருக்கு வேண்டியதைத் தனித் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

நாயின் பேர் ஜில்லு. சடைநாய்க்கும் தெருநாய்க்கும் பிறந்தது. பூபதி வேலை பார்த்த கண்ணாடிக் கடைக்குப் பின்னால் குட்டியாகக் கிடந்ததாம், சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். அப்போது அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வரப்போகிற மருமகளுக்கு நாய் பிடிக்குமோ என்னவோ என்று நான் பயந்தேன். நன்றாகவே பிடித்துவிட்டது. நாயை அவன் என்றுதான் சொல்லுவாள். அவன் தின்னானா, அவன் தூங்கினானா. செத்தவனைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

கடையில் கண்ணாடி வெட்டும்போது விழுகிற துண்டுகளைப் பூபதி எடுத்து வருவான். லீவு நாளில் வாசலில் உட்கார்ந்து, துண்டில் வெயிலைப் பிடித்துத் தரையில் ஆட்டுவான். குட்டி அந்த வெளிச்சத்தின் மேல் பாயும். அது நழுவி ஓடும். சுவரில் ஏறும், இறங்கும். குட்டி சுற்றிச் சுற்றி விழும். தாரணி வந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் வயிறு நோகச் சிரிப்போம்.

அந்தக் கடைக்காரர்தான் புதுக் கட்டடத்துக்குக் கண்ணாடி மாட்ட அவனை மேலே ஏற்றினார். இடுப்பில் கயிறு இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது பூபதி படத்தைப் பெரிதாக்கி, ஓரம் தேய்த்த நல்ல கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "நம்ம கடையிலயே இதுதானுங்கம்மா ஒசத்திக் கண்ணாடி" என்றார். நானும் வாங்கி மாட்டினேன். வாசலைப் பார்த்த சுவரில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படட்டும் என்று.

மார்ச் 7, சனி

நாயை மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போனோம். சின்ன வயசுக்காரர்தான். அவர் மேஜைக்கு முன்னால் ஒரு ஆட்டுக்காரர் ஆட்டோடு நின்றார், எங்களைப் பார்த்துச் சிரித்தார். தரையைப் பறண்டுகிறது என்று நாயைத் தூக்கிக்கொண்டு வந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்.

டாக்டர் சொன்னது: "இது சேட்டை இல்லீங்கம்மா, சீக்கு. சில பேரு கை கழுவிக் கழுவி தோலே உரிஞ்சாலும் விட மாட்டாங்க பாருங்க, அந்த மாதிரி. திட்டாதீங்க, கொஞ்சவும் கொஞ்சாதீங்க. ஆரம்பிக்கிறப்ப வேற வேலை குடுத்துக் கூட்டிட்டுப் போயிருங்க. மினுக்குன்னு எது தெரிஞ்சாலும் மறைச்சு வையுங்க."

"எப்படிங்க வந்துச்சு?" என்று தாரணி கேட்டாள். அவளே துண்டுக் கண்ணாடி விளையாட்டையும் சொன்னாள்.

"அதுதானுங்க. பந்தைப் புடிச்சா நாய்க்கு விளையாட்டு முடிஞ்சுரும். வெளிச்சத்தை வாயில புடிக்க முடியுங்களா? புடிக்காம முடியாதுன்னு அது தேடிக்கிட்டே இருக்குது."

"அப்ப என்ற பையன் விளையாண்டதுதான் தப்புங்கறீங்களா?" என்றேன்.

"தெரியாம நெறையப் பேரு செய்யறதுதானுங்கம்மா."

மாட்டுக்கு ஊசி போடுகிறவர் என் மகனுக்குத் தீர்ப்பு எழுதுகிறார். தாரணியும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்கிறாள். வரும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

நாய்க்கு மனசு சரியில்லையாம். மாத்திரை கொடுத்திருக்கிறார். எனக்கு யாரும் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

பிசிறு வெட்ட இரண்டு மூட்டை வந்தது. பனியன் தையல் ஓரத்தில் நூல் தொங்கும், அதை வெட்டிக் கொடுக்கிற வேலை. பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா கூடமாட வெட்டலாம் என்று வந்தாள். சாயங்காலம் ஆனது. ஜில்லு எழுந்து பூபதி படத்துக்குக் கீழே போய் நின்று, தரையைப் பார்த்து வாலை ஆட்டியது.

அக்கா கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏனாத்தா மயிலாத்தா, நீ பாத்துட்டுச் சும்மாவா இருக்கறே? அது ஆரைப் பாக்குதுன்னு உனக்குத் தெரியலையா?"

"சீக்குன்னு டாக்டர் சொன்னாரு."

"அவரு கெடக்கறாரு. எமன் வந்தாலே நாய்க் கண்ணுக்குத் தெரியும். வளத்தவன் வாறது தெரியாதா? வாலை ஆட்டுது பாரு. கண்டவனுக்கு வாலை ஆட்டுமா?"

எனக்கு இது முன்னாலேயே தோன்றியதுதான். இன்னொருத்தர் வாயால் இன்றுதான் கேட்டேன். எத்தனை நாளைக்குப் பிறகோ இன்று வயிறு நிறையச் சோறு தின்றேன்.

மார்ச் 12, வியாழன்

தாரணிக்கு இன்று தலைவலி, வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அது பார்க்கிற இடத்தையே பார்த்தாள். எழுந்து போய் வாசலை மறைத்து நின்றாள். நகர்ந்தாள். மறுபடி மறைத்தாள்.

"அத்தை, இங்க பாருங்க. அவரு படத்துல வெயில் பட்டுத் தரையில விழுகுதுங்க. மேல காத்தாடி சுத்தறப்ப படம் ஆடுது, வெளிச்சமும் ஆடுது. அதைத்தான் தொரத்தறான்."

எங்கள் வீட்டுப் படம் சுவரோடு ஒட்டி இருக்காது. கயிற்றில் மாட்டி, தலைப்பக்கம் முன்னால் சாய்ந்திருக்கும். எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

"இருக்கட்டும்" என்றேன்.

"சாமி அலமாரிப் பக்கம் மாத்தி மாட்டிரலாமுங்களா? அங்க வெயில் வராது."

"செத்தவங்க படத்தைச் சாமி படத்தோட வெப்பாங்களா?"

"அப்ப உள்ரூம்ல மாட்டிக்கலாம்."

"நீ தூங்கற எடத்துலயா?"

"அவரும் தூங்குன எடம்தானுங்கத்தை."

அவளே ஒரு துண்டை எடுத்து வந்து, சாயங்காலம் மட்டும் படத்து மேல் போட்டால் போதும் என்றாள். நான் சொன்னேன், முகத்தை மூடுவது ஒரே ஒரு நாள்தான், அந்த நாள் போய்விட்டது, இன்னொரு தடவை என் கையால் மூட மாட்டேன் என்று.

அவளே மூடினாள். மூடும்போது கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். நாய் கொஞ்ச நேரம் தரையை மோந்துவிட்டுப் போய்ப் படுத்தது.

இரக்கம் இல்லாதவள்.

மார்ச் 14, சனி

துண்டு அழுக்காகிவிட்டது. துவைத்துப் போட்டேன். சாயங்காலத்துக்குள் காயவில்லை.

மார்ச் 18, புதன், அமாவாசை

வடை, பாயசம், அவரைக்காய்ப் பொரியல், பூபதிக்குப் பிடித்த தட்டப்பயிறுக் குழம்பு. இலை போட்டுப் படைத்தேன். தாரணி லீவு கேட்டாளாம், கொடுக்கவில்லையாம். காக்காய்க்குச் சோறு வைத்துக் கூப்பிட்டேன். வரவே இல்லை. எதிர்வீட்டுச் சுவரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது, இறங்கவில்லை. வெயிலில் நின்று நின்று கால் சுட்டதுதான் மிச்சம்.

சாயங்காலம் புழுக்கமாக இருந்தது. காத்தாடியைப் போட்டேன். படத்தைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். ஜில்லு வந்தது. ஆடியது, ஓடியது, குதித்தது. காக்காய்க்குத் தெரியாதது இதற்குத் தெரிகிறது. நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தட்டப்பயிறு உனக்குப் பிடிச்ச மாதிரிதான் வெச்சிருக்கேன் சாமி என்று சொன்னேன்.

டாக்டர் தாளில்: சாயங்காலம் கொஞ்சம் இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

ஞாயிறு என்றால் தாரணி நாயை வெயில் தாழும் முன்பே வெளியே கூட்டிப்போய்விடுகிறாள். வாய்க்கால் பக்கம் நடந்துவிட்டு இருட்டியதும் வருகிறார்கள். இன்று கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் துணி ஒரு பை கொண்டுவந்தாள். அவித்த முட்டையைக் கிள்ளி, துணிக்குள் வைத்து முடிச்சுப் போட்டு, வீட்டு மூலைகளில் ஒளித்து வைத்தாள். நாய் மோந்து மோந்து கண்டுபிடித்து, முடிச்சை அவிழ்த்துத் தின்றது.

"மூக்குக்கு வேலை குடுத்தாக் கண்ணு சும்மா இருக்குமுன்னு டாக்டர் சொன்னாருங்கத்தை. நான் இல்லாதப்ப நீங்களும் இப்படி வெக்கறீங்களா?"

"மனுசனுக்கே முட்டை இல்லாம இருக்குது ஊர்ல."

சிரித்தாள். நான் சிரிக்கிறதற்காகச் சொல்லவில்லை.

மார்ச் 26, வியாழன்

மேகம். பூபதி வரவில்லை.

மார்ச் 30, திங்கள்

மாத்திரை போட்டால் நாய் தூங்கித் தூங்கி வழிகிறது. தூங்கினால் எப்படிப் பார்க்கும். சோற்றில் பிசைந்து வைத்தேன், சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தட்டிலேயே விட்டுவிட்டது. நான் என்ன செய்ய. வற்புறுத்தவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

தாரணி வந்ததும் நாயைத் தூக்கி மடியில் போட்டு விளக்குக்குக் கீழே காலைப் பார்த்தாள். நகம் இரண்டு அடியோடு தேய்ந்து, சதை தெரிந்தது. காவி பூசிய தரை, அதில் ரத்தம் இருந்தாலும் தெரிவதில்லை.

"பொழுதோட ஆரம்பிச்சுதுங்களா?"

"சித்த நேரம்."

"சித்த நேரத்துல இப்படி ஆகுமுங்களா? நீங்க பாக்கலீங்களா அத்தை?"

"மூட்டை வந்து கெடக்குது. நான் பிசிறு வெட்டுவனா, நாய் காலைப் பாப்பனா?"

வெந்நீரில் துடைத்து மஞ்சள் வைத்துக் கட்டினாள். நாய் ஒரு முனகல் முனகியது. அவள் அதன் காதுக்குள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் சொன்னாள். என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி எத்தனை நாள் ஆயிற்று.

ஏப்ரல் 9, வியாழன்

காங்கயத்திலிருந்து சம்பந்தியம்மா வந்தாள், தாரணியின் அம்மா. ஒரு சீப்பு வாழைப்பழம். தாரணி லீவு போட்டிருந்தாள். உள்ளே போய் மகளோடு பேசினாள். நான் அடுப்படியில் இருந்தேன், கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"எத்தனை நாளைக்குத்தான் புள்ள இங்கயே இருக்கப்போறே? வயசு என்ன ஆச்சு உனக்கு?"

"அத்தை தனியா இருப்பாங்கம்மா."

"அவங்களுக்குச் சொந்தக்காரங்களே இல்லியா?"

"ஆரும்மா இருக்காங்க? விடும்மா. அந்தப் பேச்சை எடுக்காதே."

அவள் நாய்க்காகத்தான் இருக்கிறாள், எனக்குத் தெரியும். சம்பந்தியம்மா முன்னால் நாய்க்காக இருக்கிறேன் என்று சொல்ல முடியுமா, அதனால் என் பேரைச் சொல்கிறாள். காப்பியில் சர்க்கரை குறைவு என்று சொல்லாமல் சம்பந்தியம்மா குடித்துவிட்டுப் போனாள். வேண்டுமென்றுதான் குறைத்துப் போட்டேன்.

ஏப்ரல் 15, புதன்

வெயில் திசை மாறுகிறது. முன்னே போல் நேராக வருவதில்லை. படம் இருக்கும் இடத்தில் சுவர் ஓதம் அடித்த மாதிரி இருந்தது. ஆணியைப் பிடுங்கி, வலது பக்கம் ஒரு சாண் தள்ளி அடித்து மாட்டினேன். சுத்தியலைத் தேடத்தான் நேரம் ஆனது.

ஏப்ரல் 16, வியாழன்

இன்று ரொம்ப நேரம் இருந்தான்.

ஏப்ரல் 21, செவ்வாய்

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். தூக்கம் வரப்போவதில்லை, எழுதுகிறேன்.

கம்பெனியில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் பழுதாகி, எல்லாரையும் வெயிலோடு அனுப்பிவிட்டார்களாம். தாரணி வந்தது எனக்குத் தெரியாது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். துண்டு கொடியில் கிடந்தது. எங்கள் வீட்டில் கரண்ட் இருந்தது, காத்தாடி ஓடியது. தரையிலும் ஓரச் சுவரிலும் அவன் ஓடிக்கொண்டிருந்தான். ஜில்லு காலில் இருந்த துணிக்கட்டைக் கடித்து எறிந்துவிட்டிருந்தது. சுவரில் எகிறி விழுந்து, மறுபடி எகிறியது. வாயில் நுரை தள்ளியது. நான், இந்தப் பக்கம் வா சாமி, அம்மாகிட்ட வா, என்று சொல்லிக்கொண்டிருந்தேன் போல. சொன்னேன்.

காத்தாடி நின்றது. திரும்பினால் சுவிட்சுப் பக்கத்தில் அவள் நிற்கிறாள். கையில் சாப்பாட்டுப் பை. படம் நின்றது. வெளிச்சமும் ஒரே இடத்தில் நின்றது. நாய் அதன் மேல் மூக்கை வைத்துப் பறண்டிக்கொண்டே இருந்தது. காவித் தரையில் ரத்தம் இந்த முறை எனக்கே தெரிந்தது.

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தினால் நானும் கத்தியிருப்பேன், வாயில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் வாசல் கதவைச் சாத்தினாள். இருட்டானது. நாயைப் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"ஆணி தள்ளி இருக்கறதை அன்னைக்கே பாத்தனுங்கத்தை" என்றாள். "சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

"படம் மாட்டுன புதுசுல, கம்பெனி லீவுன்னு நான் மட்டும் வீட்ல இருந்தேன். அப்பவும் இப்படித்தான் வெளிச்சம் ஆடுச்சு, எங்கிருந்து வருதுன்னு தெரியலை. இவன் குதிச்சான். எனக்கும் அவரு வந்த மாதிரியேதான் இருந்துச்சு. கதவைச் சாத்தலை நான். பொழுது போற வரைக்கும் பாத்துட்டே உக்காந்திருந்தேன். ஒரு நா இல்ல, நாலஞ்சு நா." நாயின் காலைத் தூக்கிக் காட்டினாள். "இதைப் பாத்ததுக்கப்புறம் முடியலைங்கத்தை. இவன் அவரைப் பாக்கலை. இவனுக்கு நிறுத்தத் தெரியலை."

"உனக்கு நிறுத்தத் தெரிஞ்சுதல்ல. நீ போயிரு" என்றேன்.

அதைத்தான் சொன்னேன். வேறு என்னென்னவோ சொல்ல இருந்தது.

ஏப்ரல் 22, புதன்

காலையிலேயே கிளம்பிவிட்டாள். ஒரு பை துணி, நாய், நாயின் தட்டு. ஆட்டோக்காரன் நாயை ஏற்ற மாட்டேன் என்றான், அவனிடம் கெஞ்சினாள். ஏறினவள் இறங்கி வந்து, "நீங்களும் வாங்கத்தை. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பத்து நா இருந்துட்டு வரலாம்" என்றாள்.

"பூபதியைத் தனியா விட்டுட்டு வரட்டுமா?"

அவள் போய் ஏறிக்கொண்டாள். நாய் ஆட்டோவில் எட்டிப் பார்த்துக்கொண்டே போனது. என்னைப் பார்த்ததா, பின்னால் வெயிலில் மினுங்கிய தகரத்தைப் பார்த்ததா, தெரியவில்லை.

ருக்குமணியக்கா வந்து, "போனாப் போகுது விடு, இந்தக் காலத்து மருமகளுக" என்று ஆரம்பித்தாள். வேலை கிடக்குது என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 23, வியாழன்

கதவைத் திறந்து வைத்து, காத்தாடியைப் போட்டு உட்கார்ந்தேன். வெயில் வந்தது. படத்தில் பட்டுத் தரையில் விழுந்தது. ஆடியது. சுவரில் ஏறியது.

வெளிச்சம்தான்.

ஏப்ரல் 24, வெள்ளி

இன்றும் பார்த்தேன். வெளிச்சம்தான்.

ஏப்ரல் 29, புதன்

மூட்டை வரவில்லை. அடுப்புக்குப் பின்னால் பெருக்கும்போது முட்டை நாற்றம் அடிக்கிற துணி முடிச்சு ஒன்று கிடைத்தது. நாய் கண்டுபிடிக்காமல் விட்டது. தூக்கி எறிந்தேன்.

மே 6, புதன்

ஒரு ஆள் சோறு ஆக்குவது பெரிய தொல்லை. அரிசி எவ்வளவு போட்டாலும் மிஞ்சுகிறது. மிஞ்சினதைத் தின்ன ஆள் இல்லை.

ருக்குமணியக்கா இன்றும் கேட்டாள், "பையன் வாறானா?" என்று. நாய் இல்லாமல் எப்படி வருவான் என்று சொல்ல வந்தேன். அப்படிச் சொன்னால் அது என்ன பேச்சு என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. "சோலியைப் பாருங்கக்கா" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். போகட்டும்.

மே 12, செவ்வாய்

படத்தைக் கழற்றி உள்ரூமில், அவர்கள் படுத்த கட்டிலுக்கு நேராக மாட்டினேன். அங்கே வெயில் வராது. ஜன்னலே வடக்குப் பார்த்தது. கூடத்தில் ஆணி அடித்த இரண்டு ஓட்டையிலும் சோப்பை வைத்து அடைத்தேன். எவர்சில்வர் குடத்தை எடுத்து அடுப்படிக்குள் தள்ளினேன். செம்பு, தாம்பாளம், கண்ணாடி பதித்த சாவிக்கொத்து, எல்லாம் உள்ளே. மினுக்குன்னு எதுவும் வெளியே இல்லை. ஒரு தடவை மண்டி போட்டு, நாய் உயரத்துக்குக் குனிந்து, நாலு பக்கமும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காங்கயம் போய் இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொண்டு வரப்போகிறேன். போ என்று சொன்ன வாயால் வா என்று சொல்ல வேண்டும். சொல்லிக்கொள்கிறேன்.

மே 17, ஞாயிறு

போய்விட்டு வந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி ரொம்ப தூரம் நடக்க வேண்டும். அவர்கள் வீடு தோட்டத்துக்குள். வேலி ஓரத்தில் போகும்போதே ஜில்லுவைப் பார்த்தேன். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. செம்மண்ணில் புரண்டு நிறமே மாறிப்போயிருந்தது. உடம்பு வைத்திருக்கிறது. கிழங்கு பிடுங்கிய குழியில் மூக்கை விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தது. வெட்டவெளி, உச்சி வெயில். பம்புசெட்டுத் தொட்டியில் தண்ணீர் பளபளவென்று கிடக்கிறது, பக்கத்திலேயே தகரக் கொட்டாய். நாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கோழியைத் துரத்தியது, கோழி ஏறிப் பறந்ததும் விட்டுவிட்டது. விடத் தெரிந்திருக்கிறது.

"வாங்க சம்பந்தி, வெயில்ல ஏன் நிக்கறீங்க" என்று தாரணியின் அம்மா கூப்பிட்டாள். தாரணி உள்ளிருந்து ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். "அத்தை எளைச்சுட்டீங்க" என்றாள். அவள்தான் இளைத்திருந்தாள். வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டார்கள். நல்ல அடர்ந்த நிழல்.

அதற்குள் ஜில்லு என்னைக் கண்டுகொண்டது. ஓடி வந்து மேலே விழுந்து, சேலையெல்லாம் மண்ணாக்கி, முகத்தை நக்கி, சந்தோசத்தில் ஒண்ணுக்கே போய்விட்டது. தாரணி சிரித்தாள், "எங்களைக் கண்டா இந்தளவுக்கு ஆடறதில்லீங்க." நானும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சொல்ல வேண்டியதை இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

நாய் என் மடியிலிருந்து இறங்கியது. என் முகத்தைப் பார்த்தது. பிறகு என் காலுக்கு முன்னால் தரையைப் பார்த்தது. மறுபடி என் முகத்தைப் பார்த்தது, மறுபடி தரையைப் பார்த்தது. காதை நிமிர்த்தியது. கட்டிலைச் சுற்றி ஒரு சுற்று வந்து, என் பாதத்துக்குப் பக்கத்தில் மண்ணைப் பறண்ட ஆரம்பித்தது. அங்கே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

தாரணி எழுந்து, "ஜில்லு, வா, கிழங்கு" என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். என்னைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று நாயையே பார்த்தாள்.

நான் எழுந்துவிட்டேன். "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன், அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு" என்றேன். காப்பி கொண்டுவந்த சம்பந்தியம்மா டம்ளரோடு நின்றாள். தாரணி நாயைத் தூக்கி உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, என்னோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து வந்தாள்.

"காலு ஆறிப்போச்சுங்கத்தை. நகம் மொளைச்சிருச்சு."

"பாத்தேன்."

"மாத்திரையைப் பாதியாக் குறைச்சுட்டாரு டாக்டரு."

"செரி."

"நான் வேணா மாசத்துக்கு ஒருக்கா வந்து உங்களைப் பாக்கறனுங்க. தனியா வர்றேன்."

"உனக்கெதுக்கு அலைச்சல். இங்கயே நூல் மில்லுக்கு எங்காவது போ. உங்கம்மா சொல்றதையும் காதுல வாங்கு, நீ சின்னப் புள்ள."

பஸ் வந்துவிட்டது. படத்தை மாற்றி மாட்டியதை நான் சொல்லவில்லை.

மே 24, ஞாயிறு

தாரணி போன் செய்தாள். தோட்டத்துச் சாமிக்கு நோம்பி வருகிறதாம், அம்மா கூப்பிடச் சொன்னாளாம். "வாங்கத்தை" என்றாள். அன்றைக்கு நாயைப் பெரியப்பா வீட்டில் விட்டுவிடுகிறாளாம்.

"அதை எதுக்கு எடம் மாத்தறே. எனக்குக் கால் வலி" என்றேன்.

கால் வலி இல்லை.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசறீங்களா? போனைக் காதுல வெக்கட்டுங்களா?"

"வேண்டாம் கண்ணு. என் கொரலைக் கேட்டாத் தரையைப் பாக்கும்."

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அப்போது பின்னால் நாய் குரைத்தது, விடாமல், நாலைந்து தடவை.

"என்னத்தைப் பாத்துக் குரைக்குது?" என்றேன்.

"அணிலுங்கத்தை. வேப்ப மரத்துல."

அணில்தானா, நன்றாகப் பார்த்துச் சொல் என்றேன். அவள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, அணில்தான் என்றாள்.